பொண்ணு ஊட்டுக்கு அமெரிக்கா போறீங்களா? ரயிலடி ஊர்ல ஆறு மாசம் இருக்கறது எப்படின்னு சொல்றேன்

நம்ம பக்கம் இப்ப தெருவுக்கு நாலு ஊட்டுல புள்ளைங்க அமெரிக்காவுல இருக்குதுங்க. கோயமுத்தூர்ப் பக்கம் காரமடை, சிறுமுகை, அன்னூர்னு எங்க போயி விசாரிச்சாலும் "அக்கா பேத்தியப் பார்த்துக்கப் போயிருக்குது, கார்த்திகைக்குத் தான் வரும்"ங்கறாங்க. திரும்பி வந்தவங்க கிட்ட என்ன பார்த்தீங்கன்னு கேட்டா நயாகரா போட்டோவைக் காட்டுவாங்க, சரி அது ரெண்டு நாளு, மிச்ச நாளு பூரா என்ன பண்ணுனீங்கன்னு கேட்டா மூஞ்சி சின்னதாயிரும், "என்னத்தப் பண்றது, சன்னல் வழியா ரோட்டைப் பார்த்துட்டுக் கெடந்தோம், ரோட்டுலயும் ஒரு ஈ காக்கா இல்ல"ம்பாங்க. மொத தடவை போனப்ப நானும் அப்படித்தானுங்க கெடந்தேன். ரெண்டாந்தடவை தான் அந்த ஊரு எப்படி ஓடுதுன்னு புடிபட்டுது, அப்பறம் நாளு போனதே தெரியல. அதைத்தான் எழுதறேன், அடுத்து போறவங்களுக்கு ஒதவும்.

பொண்ணு இருக்கறது நியூஜெர்சியில மெடச்சன்னு ஒரு ஊரு. மூணு சதுர மைலு கூட வராது, சனம் ஒரு 15,000 பேரு. இதைச் சுத்தி நாலாபக்கமும் எடிசன்னு பெரிய ஊரு, அதுல லட்சத்துக்கு மேல சனம். உளுந்து வடைய எடுத்துக்கங்க, வடை எடிசன், நடு ஓட்டை மெடச்சன், அவ்ளோதான் மேப்பு. 1900ல தனி ஊராப் பிரிஞ்சுட்டாங்க, அப்ப அந்தப் பெரிய ஊருக்குப் பேரே வேற, ராரிட்டன் டவுன்ஷிப்பு, 1954ல தான் பல்பு கண்டுபுடிச்சவர் பேரை வெச்சிருக்காங்க. அந்த பல்பு சமாச்சாரத்துக்கு அப்பறம் வரேன், எனக்கு அது பெரிய சமாச்சாரம்.

இந்த மாதிரி ஊருங்களக் கம்யூட்டர் டவுனுங்கறாங்க. குடியிருப்பு இங்க, வேலை நியூயார்க்குல, நடுவுல ரயிலு. மாப்பிள்ளை இதைப் பெருசா வெளக்க ஆரம்பிச்சாரு, எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா நான் 31 வருஷம் காரமடையில மேட்டுப்பாளையம் பாசஞ்சர் ஏறி, சீசன் டிக்கெட்டுல வடகோவை போயி எறங்கி, கணபதிப் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில செப்புக்கம்பி சுத்தற வைண்டிங் செக்சன்ல வேலை பார்த்தவன். மூணாவது பொட்டியில எங்க செட்டுக்குன்னு ஒரு எடம், பெரியநாயக்கன்பாளையத்துல ஏறுறவருக்குத் துண்டு போட்டு வெச்சிருப்போம், துடியலூர் வர்றதுக்குள்ள ஒரு கை சீட்டு முடிஞ்சிரும். அங்கயும் ரயிலு நியூயார்க் போக முக்கா மணி நேரந்தான். சீட்டுக்கட்டு மட்டும் இல்ல.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்குது, இதைப் புரிஞ்சுக்கிட்டா மிச்சதெல்லாம் சுளுவு. நம்மூர்ல நீங்க திண்ணையில உக்காந்திருந்தாலே போதும், ஊரு தன்னால வரும், பால்காரன் வருவான், பக்கத்தூட்டு அக்கா கருவேப்பில கேட்டு வரும், போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பழம பேசிட்டுப் போவான். அங்க அப்படி யாரும் வரமாட்டாங்க. மனுசங்க இல்லாம இல்ல, பாசம் இல்லாமயும் இல்ல, எல்லாத்துக்கும் ஒரு நேரம், ஒரு எடம் போட்டு வெச்சிருக்காங்க, அந்த நேரத்துக்கு அந்த எடத்துல போயி நின்னீங்கன்னா ஊரு முச்சூடும் அங்கதான் இருக்கும். பத்து நிமிசம் கழிச்சுப் போனீங்கன்னா மறுபடி ஈ காக்கா இருக்காது. அதனால மொத வேலை, ஒரு சின்ன நோட்டு போட்டுக்கங்க, ரயிலு எப்ப, ஸ்கூல் பஸ்ஸு எப்ப, குப்பை எந்தக் கெழமை, லைப்ரரியில என்னைக்கு என்னன்னு எழுதி வெச்சுக்கங்க.

கெளம்பறதுக்கு முன்னாடி பார்க்கற சங்கதிய வெரசாச் சொல்லிடறேன். மொத தடவை நாங்க ஐப்பசியில போயி பங்குனியில வந்தோம், அந்தத் தப்பை நீங்க பண்ணாதீங்க, குளிருல நாலரை மணிக்கே இருட்டிக்கும், நடக்க முடியாது. சித்திரை கடைசியில போனா ஐப்பசி வரைக்கும் நல்லா இருக்கும். எறங்குன ஒடனே பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்ப்பாங்க, எத்தனை நாளைக்கு விட்டிருக்காங்கன்னு ஐ-94னு கம்ப்யூட்டர்ல ஒரு பதிவு இருக்கும், வழக்கமா ஆறு மாசம், அந்தத் தேதியை புள்ளைங்களைப் பார்த்துச் சொல்லச் சொல்லி நோட்டுல மொத பக்கத்துல எழுதிக்கங்க, விசா பத்து வருசத்துக்குக் குடுத்திருக்காங்கன்னு நெனச்சுட்டு அதைக் கோட்டை விடாதீங்க. இன்சூரன்ஸ் இல்லாம போகவே போகாதீங்க, ஏற்கெனவே இருக்கற சக்கரை பிரசருக்கு அது எந்த மட்டும் குடுக்கும்னு படிச்சுப் பார்த்து வாங்குங்க, மாத்திரையை டாக்டர் சீட்டோட ஆறு மாசத்துக்கும் எடுத்துட்டுப் போயிருங்க.

அப்பறம் கருவேப்பில. நம்ம ஊரு கருவேப்பிலக்குப் பேர் போன ஊரு, எங்க ஊட்டுல, எஞ் சம்சாரத்தைத்தான் சொல்றேன், ரெண்டு கத்தை பொட்டியில வெச்சுருச்சு, மாப்பிள்ளை போன்லயே கத்துனாரு. பச்சை எலை, வெதை, மாம்பழம், கறி எதுவுமே கொண்டு போகக் கூடாதுங்க, அதுலயும் கருவேப்பிலய ஏன் தடுக்கறாங்கன்னா அதுல ஒட்டிட்டு வர்ற ஒரு பூச்சி அங்க ஆரஞ்சு எலுமிச்சை மரத்துக்கெல்லாம் சீக்கு பரப்புமாம். சந்தேகமா இருக்கற சாமானை எழுதிக் குடுத்துருங்க, எழுதிக் குடுத்தா சாமானோட போச்சு, மறைச்சு மாட்டுனா அபராதம். பருப்புப்பொடி, கொள்ளுப்பொடி எல்லாம் பிரச்சினை இல்லாம போயிருச்சு. எடிசன்ல ஓக் ட்ரீ ரோடுன்னு ஒரு ரோடு இருக்குது, அக்கட்ட ஐஸ்லின் வரைக்கும் போகும், ரெண்டு பக்கமும் நம்ம நாட்டுக் கடைதான், கருவேப்பில அங்க பொட்டணம் போட்டு விலைக்கு விக்கறாங்க. காய் வாங்குனா கொசுறாப் போடற சாமானுக்குக் காசு குடுத்து வாங்க எங்க ஊட்டுல கடைசி வரைக்கும் மனசு ஒப்பல.

சரி, போயி எறங்கியாச்சு. மொத ரெண்டு நாளு தூக்கத்துக்கே சரியாப் போகும். மூணாம் நாளு காலையில ஏழு மணிக்கு ஒரு ஸ்வெட்டரைப் போட்டுட்டு மாப்பிள்ளை கூட ஸ்டேஷனுக்குப் போங்க. ஊரைப் புரிஞ்சுக்க இதை விட நல்ல எடம் கெடையாது. பிளாட்பாரத்துல பாருங்க, அத்தனை பேரு நிக்கறாங்க, ஒரு சத்தம் இருக்காது, கையில காப்பி, காதுல மிசினு, ஆனா ஒவ்வொருத்தரும் தெனமும் அதே எடத்துல தான் நிக்கறாங்க, ஏன்னா பொட்டி கதவு எங்க வந்து நிக்கும்னு அவங்களுக்குத் தெரியும். சீசன் டிக்கெட்காரன் புத்தி எந்த நாட்டுலயும் ஒண்ணுதான் போலன்னு நெனச்சுக்கிட்டேன். மஞ்சக்கோட்டுக்கு இந்தப்பக்கமே நில்லுங்க, நடுவுல அசெலான்னு ஒரு அதிவேக வண்டி அங்க நிக்காம போகும், வர்றது தெரியறதுக்குள்ள போயிருக்கும், மொத நாளு எனக்குத் தோள்ல போட்டிருந்த துண்டு பறந்துருச்சு, பக்கத்துல நின்ன அம்மா ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டு என்னமோ சொல்லிச் சிரிச்சுது, அதுக்கப்பறம் தெனமும் அந்தம்மா எனக்குத் தலையாட்டும். ஒரே தலையாட்டு தான். அது போதும்னு பின்னாடி தெரிஞ்சுது.

கொரோனாவுக்கு அப்பறம் நெறயப் பேரு வாரத்துல ரெண்டு மூணு நாளு தான் ஆபீசு போறாங்க, அதனால செவ்வா, புதன், வியாழன் கூட்டம் எச்சு, வெள்ளிக்கெழமை பொட்டி காலியாக் கெடக்கும். நாம ரயிலேறி ஊரு பார்க்கறதுன்னா வெள்ளிக்கெழமை காலையில பத்து மணிக்கு மேல வெச்சுக்கங்க.

டிக்கெட்டு எடுக்கறது: 62 வயசு ஆனவங்களுக்குப் பாதி டிக்கெட்டு, நாம வெளிநாட்டுக்காரங்கன்னு யோசிக்க வேண்டாம், வயசுக்கு ஆதாரம் கையில இருந்தாச் சரி. ஸ்டேஷன்ல மிசின்ல எடுங்க, இல்லாட்டி புள்ளைங்க போன்ல எடுத்துக் குடுக்கும், மிசின் இருக்கற ஸ்டேஷன்ல எடுக்காம ஏறி உள்ள போயி கண்டக்டர் கிட்டக் காசு குடுத்தா அஞ்சு டாலர் கூடக் கேப்பாங்க. கண்டக்டர் வந்து டிக்கெட்டைப் பார்த்துட்டு ஒரு துண்டுக் காகிதத்துல ஓட்டை போட்டு நாம உக்கார்ற சீட்டு மேல செருகிட்டுப் போவாரு, அதை எடுத்து மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்காதீங்க, நான் வெச்சுக்கிட்டேன், அடுத்து ரெண்டு தடவை அவர் வந்து டிக்கெட் கேட்டாரு. நீங்க எறங்கற வரைக்கும் அது அங்கயே தான் இருக்கோணும்.

கூட்ட நேர வண்டியில ஓரத்துப் பொட்டியை அமைதிப் பொட்டின்னு உட்டிருக்காங்க. போன் பேசக் கூடாது, சத்தமாப் பேசக் கூடாது. இது தெரியாம நான் அதுல உக்காந்துட்டு காரமடையில இருக்கற பெரியவன் கிட்ட மோட்டார் காயில் போனதைப் பத்தி ஸ்பீக்கர் போட்டுப் பேசிட்டு இருந்தேன், போர்வெல்லுல இருக்கற மோட்டாருக்குக் கேக்கற மாதிரி. ஒருத்தரும் திட்டல. ஒரு ஆளு எந்திரிச்சு வந்து சன்னல்ல ஒட்டியிருந்த படத்தை வெரல்ல தொட்டுக் காட்டிட்டுப் போயி உக்காந்துக்கிட்டாரு. நாலு பேரு திட்டியிருந்தாக் கூட அத்தனை கூச்சமா இருந்திருக்காது.

திரும்பி வர்றப்ப இன்னும் சூதானம் வேணும். நியூயார்க் பென் ஸ்டேஷன்ல எந்தப் பிளாட்பாரம்ங்கறதை வண்டி கெளம்பறதுக்குச் சித்த நேரம் முன்னாடி தான் போர்டுல போடுவாங்க, அதுவரைக்கும் நூத்துக்கணக்குல சனம் அண்ணாந்து பார்த்துட்டு நிக்கும், நம்பர் விழுந்த ஒடனே தேர்வடம் புடிக்கற மாதிரி ஒரே பக்கமா ஓடும். நானும் ஓடி ஏறிட்டேன், ஊர்ப் பேரைக் கேட்டுட்டு ஏறல, அது மெடச்சன்ல நிக்காத வண்டி. எங்க ஸ்டேஷன், எங்க காப்பிக்கடை எல்லாம் கண்ணு முன்னாடி அப்படியே பின்னாடி போகுது. நியூ பிரன்ஸ்விக்ல எறங்கி எதிர்வண்டி புடிச்சு வந்தேன், ஊட்டுல சொல்லல. இந்த லைன்ல கடைசி ஸ்டேஷன் ட்ரென்டன், அங்க போறதெல்லாம் மெடச்சன்ல நிக்கும்னு நெனைக்காதீங்க, நிக்கற ஸ்டேஷன் லிஸ்டுல உங்க ஊரு இருக்குதான்னு பார்த்துட்டு ஏறுங்க.

வண்டி லேட்டானா மாப்பிள்ளை முகம் தொங்கிப் போயி வருவாரு. ஏன் இப்படின்னு ஒரு நாளு கேட்டேன். நியூஜெர்சிக்கும் நியூயார்க்குக்கும் நடுவுல ஓடற ஹட்சன் ஆத்துக்கு அடியில 1910ல தொறந்த சுரங்கம் இன்னும் அதேதான், போறதுக்கு ஒரு தண்டவாளம் வர்றதுக்கு ஒண்ணு. அந்தப்பக்கம் ஒரு வண்டி நின்னா இந்தப்பக்கம் அம்பது வண்டிக்கும் கோளாறு. 2012ல சாண்டி புயலுல உப்புத்தண்ணி வேற உள்ள பூந்திருக்குது. அப்ப தான் எனக்குப் புரிஞ்சுது, இந்த ஊர்ல ராத்திரி சாப்பாட்டு நேரம், புள்ளைங்க தூங்கற நேரம், ஒரு ஊட்டுல நடக்கற சண்டை வரைக்கும் அந்த ரெண்டு ஓட்டையில தான் முடிவாகுது. மாப்பிள்ளை லேட்டா வந்தா ஏன்னு கேக்காதீங்க, தட்டத்தை வெச்சு சாப்பாட்டைப் போடுங்க.

காலை வண்டி போனதுக்கப்பறம் ஒம்பதுல இருந்து மூணு மணி வரைக்கும் ஊரு யாருதுன்னு நெனைக்கறீங்க, நம்மளுது தான். பெருசுங்க, கைக்கொழந்தை வெச்சிருக்கறவங்க, நாய் கூட்டிட்டுப் போறவங்க, இவ்ளோ பேர்தான் ஊர்ல. இவங்க எல்லாம் கூடற எடம் லைப்ரரி. நம்மூர்ல நூலகம்னா பேப்பர் படிக்கப் போறது, அங்க அது சத்திரம் மாதிரி, ஏசி, ஹீட்டர், நல்ல நாற்காலி, கொழந்தைங்களுக்குக் கதை சொல்ற நேரம்னு ஒண்ணு, பல ஊர்ல பெரியவங்க வந்து இங்கிலீஸ் பேசிப் பழகற வகுப்பு கூட சும்மாவே நடத்தறாங்க. பொண்ணு கார்டுல புஸ்தகம் எடுத்துக்கலாம். எங்க ஊட்டுல எட்டாவது வரைக்கும் தான் படிச்சுது, கதை சொல்ற நேரத்துக்குப் பேரனைக் கூட்டிட்டுப் போயிப் போயி அங்க வர்ற சீனாக்கார அம்மா ஒண்ணு, பெரு நாட்டு அம்மா ஒண்ணு ரெண்டு பேரும் சிநேகிதமாயிட்டாங்க, மூணு பேருக்கும் பொது பாஷை ஒண்ணும் கெடையாது, பேரன் பேத்தி சளிக்கு என்ன பண்றதுன்னு கையால பேசிக்கிட்டாங்க. எனக்கு இன்னும் அது எப்படின்னு தெரியல.

மூணு மணிக்கு மேல ஸ்கூல் பஸ்ஸு. மஞ்சக்கலர்ல வரும், நின்னு செவப்பு லைட்டு போட்டுப் பக்கத்துல ஸ்டாப் பலகைய நீட்டுனா முன்னாடி வர்ற வண்டி, பின்னாடி வர்ற வண்டி, எல்லாம் 25 அடி தள்ளி நின்னே ஆகோணும், சட்டம். தெருமுனையில அந்தப் பஸ்ஸுக்குப் பத்து நிமிசம் முன்னாடி போயி நில்லுங்க, ஆறேழு தாய் தகப்பன், ரெண்டு மூணு தாத்தா பாட்டி கட்டாயம் நிப்பாங்க. தெருவுல யாருகிட்டயாவது பேசோணும்னா அந்தப் பத்து நிமிசந்தான். வானம், வெயிலு, நாயி, பேரன் பேரு, இதைப் பேசுங்க. சம்பளம் எவ்ளோ, வாடகை எவ்ளோ, ஏன் இன்னும் கல்யாணம் ஆகல, இதைக் கேக்காதீங்க. கேட்டா கோவப்பட மாட்டாங்க, அடுத்த நாளு பத்து அடி தள்ளி நிப்பாங்க. நீங்க எந்த ஊருன்னு கேட்டா கோயமுத்தூருன்னு சொல்லி நிறுத்திடாதீங்க, நீலகிரி மலை அடிவாரம், அங்கயும் பல்சக்கரம் வெச்ச ஒரு மலை ரயிலு இருக்குதுன்னு சொல்லுங்க, ரயிலு ஊர்க்காரங்க, காது குடுப்பாங்க.

நடக்கறதுக்கு மிடில்செக்ஸ் கிரீன்வேன்னு ஒரு பாதை இருக்குது, பழைய ரயில் தண்டவாளத்தைப் பேத்துட்டு அந்த எடத்துல தார் போட்டு விட்டிருக்காங்க, மூணரை மைலு, மெடச்சன்ல ஆரம்பிச்சு எடிசன் வழியா உட்பிரிட்ஜ் பக்கம் போகுது. ரெண்டு பக்கமும் மரம், ரெண்டு வேலிக்கு நடுவுல போற நம்ம இட்டேரி மாதிரியே இருக்கும், கள்ளி மட்டும் இல்ல. சைக்கிள்காரன் பின்னாடி வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டு எடதுபக்கமாத் தாண்டுவான், நாம வலது ஓரம், அங்க எல்லாமே நமக்கு நேர் எதிர். ரோடு தாண்டறப்பவும் மொதல்ல எடதுபக்கம் பாருங்க, பழக்கத்துல வலதுபக்கம் பார்த்துட்டுக் கால வெச்சுறாதீங்க.

இனி ஊட்டுச் சங்கதி. தாளிப்புல தான் மொத கண்டம். சாயங்காலம் கொள்ளு ரசத்துக்கு வரமொளகாயைக் கிள்ளிப் போட்டுது எங்க ஊட்டுல, கூரையில இருந்த புகை மிசின் அலற ஆரம்பிச்சுருச்சு, நான் நாற்காலி மேல ஏறி துண்டை வீசறேன், பேரன் காதைப் பொத்திக்கிட்டு அழுகுறான், மேல் மாடி மிசின் கீழ் மிசின் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசி வெச்ச மாதிரி சேர்ந்து கத்துது. தாளிக்கறதுக்கு முன்னாடியே அடுப்பு மேல இருக்கற ஃபேனைப் போட்டு சன்னலைத் தொறந்து வெச்சுருங்க. சில ஊட்டுல அது நேரா ஃபயர் ஆபீசுக்கே போற மாதிரி வெச்சிருப்பாங்க, கேட்டு வெச்சுக்கங்க, ஏன்னா நியூஜெர்சி சின்ன ஊருங்க பலதுல தீயணைக்க வர்றவங்க சம்பள ஆளுங்க கெடையாது, அந்த ஊர்க்காரங்களே, தச்சு வேலை பார்க்கறவரு, பள்ளிக்கூட வாத்தியாரு, சோத்துல கை வெச்சவரு எந்திரிச்சு ஓடி வர்றாரு. ஒரு ரசத்துக்காக அவங்களைக் கூப்பிடக் கூடாதில்லீங்களா.

குப்பையை எந்தக் கெழமை எந்தத் தொட்டியில வெக்கறதுன்னு பொண்ணு சொல்லும், முந்தின நாளு பொழுதோடவே இழுத்து வாசல்ல வெச்சுருங்க, அந்த வேலைய நீங்க எடுத்துக்கிட்டா ஒரே வாரத்துல உங்களுக்கு ஊட்டுல மரியாதை கூடிரும். ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காலி பெருசா இருக்கும், புல்லு தான், அதை வெட்டாம உட்டா ஊராட்சியில இருந்து கடிதாசி வரும். நாலு தக்காளி, பச்சமொளகா, வெண்டை வெக்கலாம், ஆனா மானு வந்து மேஞ்சுரும், நெசமாத்தாங்க, பட்டப்பகல்ல ஊருக்குள்ள மானு. காரமடைப் பக்கம் ஆனையும் பன்னியும் பார்த்த எனக்கு இது ஒரு பெரிய வெள்ளாமை எதிரியாவே தெரியல, ஒரு வலை கட்டி உட்டேன். மழைக்கும் பனிக்கும் நடைபாதைய சுத்தம் பண்றது அந்தந்த ஊட்டுக்காரங்க பொறுப்பு, பனி கொட்டி நின்ன ஒடனே வாசல் நடைபாதையத் தள்ளி உடோணும், வயசானவங்க அதுல எறங்காதீங்க, நெஞ்சுக்கு ஆகாது, வழுக்குனா இடுப்பு போயிரும்.

ஒரு நாளு கட்டாயம் பண்ணோணும்ங்கறது கவுன்சில் கூட்டத்துக்குப் போறது. நம்ம கிராமசபை மாதிரி தான், ஆனா மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை, ராத்திரி ஏழு மணிக்கு மேல, ரயிலு வந்து சேர்ந்தப்பறம். 1975லயே சட்டம் போட்டு வெச்சிருக்காங்க, கூட்டத்தை முன்கூட்டியே அறிவிக்கோணும், யாரு வேணும்னாலும் உள்ள வந்து உக்காரலாம்னு. நான் பொண்ணு கூடப் போயி பின் வரிசையில உக்காந்தேன். மேயரும் கவுன்சிலருங்களும் முன்னாடி, ஒரு மைக்கு நடுவுல. ஒரு பெரியம்மா எந்திரிச்சு வந்து ஸ்டேஷன் பக்கத்துல கார் நிறுத்தறதைப் பத்தி காகிதத்தைப் பார்த்து நிறுத்தி நிதானமாப் பேசிட்டு, நேரம் முடிஞ்சுதுன்னு சொன்ன ஒடனே தேங்க்யூன்னுட்டுப் போயி உக்காந்துருச்சு. கத்தல, கை தட்டல, வெளிநடப்பு இல்ல. எனக்குச் சப்புன்னு இருந்துது, உண்மையச் சொல்றேன். ஆனா ஊட்டுக்கு வந்து வரி ரசீதைப் பொண்ணு காட்டுச்சு, அமெரிக்காவுலயே ஊட்டு வரி எச்சா இருக்கற மாநிலம் நியூஜெர்சி தான், அதுல பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்கு. அந்தத் தொகையைப் பார்த்தப்பறம் தான் அந்தம்மா ஏன் காகிதத்துல எழுதிட்டு வந்துதுன்னு வெளங்குச்சு. பள்ளிக்கூடம் நல்லா இருந்தா ஊட்டு விலை ஏறும், ஊட்டு விலை ஏறுனா வரி ஏறும், ரயிலடிக்குப் பக்கம்னா இன்னும் ஏறும், அந்த ஊரோட கணக்கே இவ்ளோதானுங்க.

நோம்பிங்களத் தேதி பார்த்து வெச்சுக்கங்க. மே மாசம் கடைசித் திங்கக்கெழமை போர்ல செத்தவங்களுக்கான மெமோரியல் டே, சின்ன ஊருங்கள்ல ஊர்வலம் போகும், பள்ளிக்கூடப் பேண்டு, தீயணைப்பு வண்டி, பழைய சிப்பாய்ங்க, ஒரு மடக்கு நாற்காலிய எடுத்துட்டுப் போயி ரோட்டோரம் உக்காந்துருங்க, மாசித்தேருக்கு ரங்கநாதர் கோயில் வீதியில எடம் புடிக்கற மாதிரி காலையிலயே. அக்டோபர் 31 ஹாலோவீன், பேய் வேசம் போட்டுட்டு புள்ளைங்க ஊடு ஊடா முட்டாய் கேட்டு வரும். முட்டாய் குடுக்கற ஊடுன்னா வாசல் லைட்டு எரியோணும், இல்லாட்டி அணைச்சுருங்க, அதுதான் கணக்கு. வருசம் பூரா எட்டிப் பார்க்காத தெரு அன்னிக்கு ஒரு ராத்திரி நம்ம வாசலுக்கே வருது, அதனால எங்க ஊட்டுல முட்டாய் தட்டத்தோட ரெண்டு மணி நேரம் வாசப்படியிலயே உக்காந்திருந்துது. தீபாவளிக்கு நியூஜெர்சியில சில ஊர்ப் பள்ளிக்கூடங்க லீவே உடுது. கோயிலுக்குன்னா பிரிட்ஜ்வாட்டர்ல வெங்கடேசப் பெருமாள் இருக்காரு, கார்ல தான் போகோணும். சனி ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்தறாங்க, கதை சொல்ல, ஆனா ஆவன்னா எழுத வெக்க ஆளு தேடிட்டே இருப்பாங்க, போயி நின்னீங்கன்னா உட மாட்டாங்க.

இப்ப பல்பு. எடிசன் ஊருக்குள்ள மென்லோ பார்க்னு ஒரு எடம், கிறிஸ்டி ஸ்ட்ரீட், தாமஸ் ஆல்வா எடிசன் 1876ல ஆராய்ச்சிக்கூடம் போட்டது அங்கதான். அடுத்த வருசமே பாட்டுப்பொட்டிக்கு மூதாதையான போனோகிராப், 1879ல பல்பு. அந்த வருசம் டிசம்பர் 31 ராத்திரி ஊர் சனத்தைக் கூப்பிட்டு வெளக்கை எரிச்சுக் காட்டியிருக்காரு, பார்க்க வர்றவங்களுக்குன்னு பென்சில்வேனியா ரெயில்ரோடு ஸ்பெசல் ரயிலே உட்டிருக்குது, இதே லைன்ல! ஆராய்ச்சிக்கூடம் இப்ப அங்க இல்ல, மிச்சமிருந்ததை ஹென்றி ஃபோர்டு பேத்து எடுத்துட்டு மிச்சிகன் பக்கம் போயிட்டாரு. அந்த எடத்துல 1938ல ஒரு கோபுரம் கட்டி உச்சியில பெரிய பல்பு வெச்சிருக்காங்க, அந்த பல்பு மட்டும் 13 அடிக்கு மேல. பக்கத்துல ரெண்டே ரூம்புல ஒரு சின்ன மியூசியம். ஓக் ட்ரீ ரோட்டுக்கு மளிகை வாங்கப் போற சனம் முக்காவாசி இதை எட்டிக் கூடப் பார்த்திருக்காது.

நான் ஒரு மணி நேரம் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துட்டு நின்னேன், மாப்பிள்ளைக்குப் புரியல. 1932ல நீலகிரியில பைக்காரா ஆத்துத் தண்ணியில எடுத்த கரண்டு கீழ எறங்குனதுக்கு அப்பறந்தானுங்க கோயமுத்தூர்ல மில்லு மில்லா வந்துது, கெணத்துல மோட்டார் எறங்குச்சு, நான் செப்புக்கம்பி சுத்திப் பொழச்சதும் அதுலதான். மெடச்சன் வழியாப் போற அந்த ரயிலு லைனும் நியூயார்க்குல இருந்து ஃபிலடெல்பியா வரைக்கும் கரண்டுக்கு மாறுனது 1933ல, ஏறக்குறைய அதே காலம். ஆனா ஒண்ணு, எடிசன் டிசி, அதாவது ஒரே பக்கமா ஓடற கரண்டு தான்னு பேசுனவரு, நான் சுத்துனது பூரா ஏசி, அதாவது மாறி மாறி ஓடற கரண்டுல சுத்தற மோட்டாரு, அது டெஸ்லாங்கற விஞ்ஞானி வழி. அதைச் சொன்னேன் மியூசியத்துல இருந்த பெரியவர் கிட்ட, பொண்ணு இங்கிலீஸ்ல எடுத்துச் சொல்லுச்சு, அவர் யாராச்சும் கேட்டுறப் போறாங்கன்னு சுத்திமுத்தும் பார்த்துட்டு என் கையப் புடிச்சுக் குலுக்குனாரு. நீங்க என்ன தொழில் பண்ணியிருந்தாலும் அதுக்கு ஒரு எடம் அந்த ஊர்ப் பக்கம் எங்கயாவது இருக்கும், லைப்ரரியில கேட்டாச் சொல்லுவாங்க, நயாகராவுக்கு முன்னாடி அதைப் போயிப் பாருங்க.

கெளம்பறப்ப பண்ற வேலை கொஞ்சந்தான். லைப்ரரி புஸ்தகத்தைத் திருப்பிக் குடுத்துருங்க. நவம்பர் மொத ஞாயித்துக்கெழமை கடியாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க, அதுவரைக்கும் நமக்கும் அவங்களுக்கும் ஒம்பதரை மணி நேரம் வித்தியாசம், அப்பறம் பத்தரை, அது தெரியாம நாங்க ஊருக்கு வந்தப்பறம் பேரன் பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பற நேரத்துல தெனமும் போன் போட்டுட்டு இருந்தோம். பிளாட்பாரத்துல தலையாட்டற அந்தம்மா கிட்ட, ஊருக்குப் போறேன்னு கடைசி நாளு சைகையில சொன்னேன், காதுல இருந்து மிசினைக் கழட்டிட்டு எப்ப திரும்பி வருவீங்கன்னு கேட்டுது. ஆறு மாசத்துல அதுதான் மொத பேச்சு.

எங்க ஊட்டுல ஓக் ட்ரீ ரோட்டுல ஒரு கருவேப்பில நாத்தைத் தொட்டியோட வாங்கி வெச்சுட்டு வந்துது. அக்டோபர் கடைசியிலயே ஊட்டுக்குள்ள எடுத்து, தெக்குப் பார்த்த சன்னல் கிட்ட வெச்சுரோணும், தண்ணி வாரத்துக்கு ஒரு தடவை போதும், வெளிய உட்டா ஒரே ராத்திரியில கருகிரும். போன வாரம் பேரன் போட்டோ அனுப்பியிருந்தான், நாலு கொழுந்து உட்டிருக்குது, "அம்மிச்சி, இதைப் பறிக்கலாமா"ன்னு கேக்கறான். வேண்டாம் கண்ணு, சித்திரையில நாங்க வந்துருவோம்னு சொல்லியிருக்குது.